கணினிக்குப் பெரிய பெட்டி வாங்கப் போகிறீர்களா?



இந்த வார அரங்கத்தில் பேசப்படும் பொருள், பல வீடுகளில் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஓர் இரும்புப் பெட்டி. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அதைச் 'சிபியு' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் சிபியு என்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தீப்பெட்டி அளவுச் சில்லு ஒன்றுதான். பெட்டிக்குக் கணினிக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர் 'கேசிங்'.

படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளை, முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "கணினியை நானே பொருத்தப் போகிறேன்" என்கிறான். பொருள்களின் பட்டியலை நீட்டுகிறான். அதில் பெட்டிக்கு மட்டும் எழுநூறு, எண்ணூறு வெள்ளி. சில பட்டியல்களில் ஆயிரத்தையும் தாண்டுகிறது. "இரும்புத் தகட்டுக்கு இவ்வளவு விலையா? அலமாரி மாதிரி இருக்கிறதே, எங்கே வைப்பாய்?" என்று அப்பா கேட்கிறார். "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்கிறான் பிள்ளை. இருவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் பிள்ளையின் பக்கம். கணினிக்குள் இருக்கும் பொருள்களில் சீக்கிரம் பழையதாகாதது பெட்டி ஒன்றுதான். சில்லு மூன்று நான்கு ஆண்டுகளில் பின்தங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டு அதைவிட வேகமாகப் பழையதாகும். பெட்டியின் கதை வேறு. இண்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தாய்ப்பலகை 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். திருகுத் துளைகள் இன்ன இன்ன இடத்தில் என்று அன்றைக்கு முடிவானது. அதை மாற்ற இண்டெல்லே 2004 வாக்கில் பிடிஎக்ஸ் என்ற புதிய முறையைக் கொண்டுவந்து பார்த்தது. அது எடுபடவில்லை. ஆகவே பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய நல்ல பெட்டியில் இன்றைய தாய்ப்பலகையைப் பொருத்த முடியும். மூன்று கணினிகளுக்கு ஒரே பெட்டி என்று கணக்குப் போட்டால், எண்ணூறு வெள்ளி அவ்வளவு பெரிய தொகையாகத் தெரியாது.

இப்போது அப்பாவின் பக்கம். பெரிய பெட்டி என்றாலே நல்ல பெட்டி என்பது கடை வாசலில் பிறந்த நம்பிக்கை. கண்ணாடிக்குப் பின்னால் வானவில் போல விளக்கெரியும் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஒரு காலத்தில் இம்பி பிளாசாவில், பிறகு புக்கிட் பிந்தாங்கின் லோயாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி விலை கேட்ட தலைமுறைக்கு அந்த மயக்கம் நன்றாகத் தெரியும். பெட்டியின் அளவையும் விளக்கையும் தள்ளி வைத்துவிட்டு, அதற்குள் காற்று எப்படிப் போய் எப்படி வருகிறது என்று கேட்டால் கடையில் பாதிப் பெட்டிகள் கழிந்துவிடும்.

பெரிய பெட்டிகளின் பரம்பரை

இவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. தைவானின் லியான் லி நிறுவனம் 1983-இல் தொடங்கியது. அலுமினியப் பெட்டி என்றால் ஆர்வலர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெயர்தான். 2005-இல் வந்த ஆண்டெக் பி180, பவர் சப்ளையைப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் தனி அறையாகத் தடுத்து வைத்தது. அதன் சூடு மற்ற பொருள்களில் ஏறாமல் இருக்க அந்த ஏற்பாடு. பவர் சப்ளையைக் கீழே வைப்பது இன்று ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் வழக்கமாகிவிட்டது.

கூலர் மாஸ்டர் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த காஸ்மோஸ், மேலும் கீழும் வளைந்த கைப்பிடிகளோடு வந்த பெரிய பெட்டி. அடுத்த ஆண்டு, 2008-இல், அதே நிறுவனத்தின் ஹாஃப் 932 வந்தது. ஹாஃப் என்பது 'அதிகக் காற்றோட்டம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். முன்பக்கம், மேற்பக்கம், பக்கவாட்டுக் கதவு ஆகிய மூன்றிலும் 230 மில்லிமீட்டர் விசிறி. பின்பக்கம் 140 மில்லிமீட்டர் விசிறி ஒன்று. ராணுவ வண்டி போன்ற தோற்றம். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர் வெப்பத்துக்கு அதன் நோக்கம் சரியாகப் பொருந்தியது. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலும் நிறையக் காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு.

பிறகு அளவு ஏறிக்கொண்டே போனது. 2012-இல் வந்த காஸ்மோஸ் 2-இன் உயரம் 704 மில்லிமீட்டர், ஆழம் 664, அகலம் 344. உள்ளே ஒரு பொருளும் இல்லாமல் எடை 22 கிலோ. 2018-இல் கோர்சேர் நிறுவனம் வெளியிட்ட ஒப்சிடியன் 1000டி, 30 கிலோவை நெருங்கியது. அதற்குள் ஒரு பெரிய கணினி, ஒரு சிறிய கணினி என இரண்டைத் தனித்தனியாகப் பொருத்தலாம். இதற்கு மேல் போனால் பெட்டி என்று சொல்லாமல் அறை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

காற்றுக் கணக்கு

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயந்துவிட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

நல்ல விளையாட்டுக் கணினி ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது 600 வாட் மின்சாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய மிகையும் இல்லை. 2022-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு மட்டும் 450 வாட். 2025 ஜனவரியில் வந்த 5090-க்கு 575 வாட். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதாவது, ஒரு சிறிய ரைஸ் குக்கரை மேசைக்கு அடியில் மணிக்கணக்காக எரிய விட்டதற்குச் சமம்.

இந்த வெப்பத்தை வெளியே கொண்டுபோவது காற்று. நிமிடத்துக்கு 3 கன மீட்டர் காற்று பெட்டிக்குள் நுழைந்து வெளியேறினால், வெளியேறும் காற்று உள்ளே நுழைந்த காற்றைவிட ஏறக்குறைய 10 டிகிரி சூடாக இருக்கும். காற்று பாதியாகக் குறைந்தால் சூடு இரட்டிப்பாகி 20 டிகிரியாகும். பெட்டி பெரியதா சிறியதா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். காஸ்மோஸ் 2-இன் மொத்தக் கொள்ளளவு சுமார் 160 லிட்டர். நிமிடத்துக்கு 3,000 லிட்டர் காற்று ஓடினால், அந்தப் பெட்டியில் உள்ள காற்று முழுவதும் மூன்று விநாடியில் மாறிவிடும். ஆக, 'உள்ளே இடம் நிறைய இருப்பதால் குளிர்ச்சியாக இருக்கும்' என்பது தவறான எண்ணம். காற்றுக்கு வழி இல்லையென்றால் 160 லிட்டர் பெட்டியும் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

பெரிய பெட்டியின் பலன் வேறு வழியில் வருகிறது. பெரிய விசிறிகளுக்கும் கூடுதல் விசிறிகளுக்கும் இடம் கிடைக்கும். அவை மெதுவாகச் சுற்றினாலே போதும். விசிறியின் வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும் என்பது பொதுவான கணக்கு. இரவில் பக்கத்து அறையில் தூங்குபவருக்கு அது நன்றாகவே கேட்கும். நீர்க் குளிரூட்டி வைப்பவர்களுக்கு 360, 420 மில்லிமீட்டர் ரேடியேட்டர் பொருத்தவும் இடம் இருக்கும். கையை உள்ளே விட்டு வேலை செய்வதும் எளிது. இந்த மூன்றுக்காகப் பெரிய பெட்டி வாங்கினால் அதில் பொருள் இருக்கிறது.

இங்கே இன்னொரு சங்கதி. வெளிநாட்டு விமர்சகர்கள் பெட்டிகளைச் சோதிப்பது பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி வரை குளிரூட்டிய அறையில். கிள்ளானில் பிற்பகல் வெப்பம் 32, 33 டிகிரி. வெறும் மின்விசிறி சுற்றும் அறையில் வைக்கப்படும் கணினிக்கு, விமர்சனத்தில் உள்ள எண்ணோடு அப்படியே 10 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே 82 டிகிரி என்றால் இங்கே 92. இண்டெல்லின் அண்மைக்கால வேகச் சில்லுகள் 100 டிகிரியைத் தொட்டதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ரைசன் 7000 வரிசைக்கு அந்த எல்லை 95. அங்கே 'பரவாயில்லை' என்று மதிப்பெண் பெற்ற பெட்டி, இங்கே காசு கொடுத்து வாங்கிய வேகத்தையே பறித்துவிடக்கூடும். விமர்சனம் படிக்கும்போது மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பு, சோதனை அறையின் வெப்பம் என்னவென்று பாருங்கள். அதைச் சொல்லாத விமர்சனத்தால் நமக்குப் பயன் குறைவு.

ஏர்கோன் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனின் குளிரூட்டும் ஆற்றல் ஏறக்குறைய 2,600 வாட். அதில் கால்வாசியை 600 வாட் கணினி ஒன்றே விழுங்கிவிடும். கணினி வெளிவிடும் வெப்பத்தை வெளியேற்ற இன்னொரு மின்சாரக் கட்டணமும் கட்ட வேண்டும் என்பதை மாதக் கடைசியில் பில் வரும்போது அப்பாதான் முதலில் கண்டுபிடிப்பார்.

கண்ணாடியும் வலையும்

2016, 2017-க்குப் பிறகு கண்ணாடிப் பெட்டிகள் பெருகின. பக்கவாட்டில் கண்ணாடி இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. முன்பக்கத்தையும் முழுக் கண்ணாடியால் மூடிவிட்டு, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து விட்டு, அதற்குப் பின்னால் மூன்று விசிறிகளைப் பொருத்திவிடுகிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போன்ற வேலை இது. விசிறி எத்தனை இருந்தாலும், நுழையும் வழி குறுகினால் காற்றும் குறையும். முன்பக்கத்தில் விசிறிகளே இல்லாமல், பக்கவாட்டிலும் கீழேயும் காற்று வாங்கும்படி அமைத்த கண்ணாடிப் பெட்டிகள் வேறு வகை. லியான் லி 2018-இல் கொண்டுவந்த ஓ11 டைனமிக் அப்படிப்பட்டது. அதையும் இதையும் ஒரே தட்டில் வைத்து எடை போடக் கூடாது.

பெட்டி மூச்சு விடுகிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சாமி மேசையில் இருக்கும் ஊதுபத்தி போதும். கணினி ஓடும்போது, வீட்டு மின்விசிறியை நிறுத்திவிட்டு, புகையும் ஊதுபத்தியைப் பெட்டியின் முன்பக்கம் ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். புகை நேராக உள்ளே இழுபட்டால் நல்லது. தயங்கித் தயங்கி மேலே போனால் முன்பக்கம் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். பின்பக்கம் வெளியேறும் காற்று வளைந்து வந்து மீண்டும் உள்ளே நுழைகிறதா என்பதையும் அதே புகை காட்டிக்கொடுக்கும். சுவரோடு ஒட்டி வைத்த பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். சாம்பலும் நெருப்பும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனை இதைவிடத் துல்லியமானது. பெட்டியை மூடிய நிலையில் கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி, சில்லும் கார்டும் எத்தனை டிகிரி காட்டுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்கத் தட்டைக் கழற்றிவிட்டு, அதே விளையாட்டை அதே நேரம் ஓட்டுங்கள். ஒன்றிரண்டு டிகிரி குறைந்தால் பெட்டியில் குறையில்லை. எட்டு, பத்து டிகிரி குறைந்தால், அந்த முன்பக்கம் அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டது.

புகைமூட்டமும் சாம்பிராணியும்

காற்று தாராளமாக நுழைந்தால் தூசியும் தாராளமாக நுழையும். கிள்ளான்வாசிகளுக்குத் தூசியைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. துறைமுகச் சாலையில் இரவும் பகலும் கொள்கலன் லாரிகள். 2005 ஆகஸ்டு 11-இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்ட அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2013, 2015, 2019 ஆண்டுகளிலும் புகைமூட்டம் திரும்பி வந்தது.

பெட்டியில் உள்ள தூசி வலை இந்தப் புகையைத் தடுக்காது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வலைக் கண்ணின் அளவு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு. புகைத் துகள் அதைவிட நூறு மடங்குக்கு மேல் சிறியது. தலைமுடி, பூனை முடி, துணிப் பஞ்சு இவற்றைத்தான் வலை பிடிக்கும். அதுவே பெரிய உதவி. பஞ்சு போய்ப் படிந்த இடத்தில்தான் மற்றத் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் ஆகிறது.

நம் வீடுகளுக்கென்றே இன்னொரு தூசி உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி, கற்பூரம், நல்லெண்ணெய் விளக்கு. சமையலறையில் தாளிப்பு. கணினி வைக்கக் கூடத்தில் கிடைக்கும் மூலை பெரும்பாலும் சாமி மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இந்தப் புகையில் எண்ணெய்ப் பசை உண்டு. விசிறி இதழில் படிந்தால் ஊதினாலும் போகாது. ஈரத் துணியால் துடைத்தால்தான் போகும். சாமி மேசையை யாரும் நகர்த்தப் போவதில்லை. ஆகவே கணினியைத்தான் நகர்த்த வேண்டும்.

இந்தக் காரணத்தால், பெட்டியை மதிப்பிடும்போது தூசி வலை இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அதை எப்படிக் கழற்றுவது என்றும் பாருங்கள். முன்பக்க வலையைத் திருகில்லாமல் இழுக்க முடிய வேண்டும். கீழ்ப்பக்க வலை முன்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளியே வர வேண்டும். சில பெட்டிகளில் அது பின்பக்கமாகத்தான் வரும். வயர்கள் அத்தனையையும் கழற்றி, 35 கிலோ பெட்டியை முன்னே இழுத்து, பிறகு வலையைக் கழுவ வேண்டும். முதல் மாதம் செய்வார்கள். இரண்டாம் மாதம் யாரும் செய்ய மாட்டார்கள். கழுவாத வலையைவிட வலை இல்லாததே மேல். அடைத்துப்போன வலை காற்றையே நிறுத்திவிடும்.

உள்ளே தள்ளும் விசிறிகள், வெளியே இழுக்கும் விசிறிகளைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. அப்போது சந்து பொந்துகள் வழியாகக் காற்று வெளியேறுமே தவிர உள்ளே நுழையாது. தூசியும் வலை உள்ள வழியாக மட்டுமே வரும். பின்பக்கம் பயன்படாத கார்டு இடங்களின் தகடுகளைக் கழற்றிவிட்டு அப்படியே திறந்து போடாதீர்கள். இரவில் கதகதப்புத் தேடி வரும் பல்லிக்கு அதுதான் வாசல். தாய்ப்பலகையில் பல்லி பட்டுக் கருகினால் பல்லியோடு பலகையும் போய்விடும்.

உள்ளே எது நுழையும்?

பழைய பெரிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டாம் கையாக வாங்குபவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும். 2006-இல் வந்த ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ், 27 சென்டிமீட்டர் நீளத்துக்கே 'ராட்சசக் கார்டு' என்று பேர் வாங்கியது. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் பல 34 சென்டிமீட்டரையும் தாண்டுகின்றன. தடிமன் ஏழு சென்டிமீட்டர், எடை இரண்டு கிலோவுக்கு மேல். அந்தக் காலத்துப் பெட்டிகளில் முன்பக்கம் முழுவதும் ஹார்டு டிஸ்க் கூண்டுகள் இருக்கும். கூண்டு கழற்றக்கூடியதா, ரிவிட் அடித்ததா என்று முதலில் பாருங்கள்.

நீளத்தை எல்லாரும் அளக்கிறார்கள். அகலத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நொக்டுவா என்எச்-டி15 போன்ற காற்றுக் குளிரூட்டியின் உயரம் 165 மில்லிமீட்டர். ஒடுக்கமான பெட்டியில் கதவு மூடாது. 4090 வெளிவந்த 2022-இல், அதன் புதிய மின் இணைப்பான்கள் சில உருகிப்போன செய்திகள் உலகமெங்கும் பேசப்பட்டன. இணைப்பு முழுமையாக உள்ளே போகாததே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. இணைப்பானிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்கக் கூடாது என்பது பரிந்துரை. கதவை மூடும்போது கேபிள் நசுங்கி வளைந்தால், அந்தப் பெட்டி அந்தக் கார்டுக்கு ஏற்றதில்லை. அழுத்தி மூடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இது தீ சம்பந்தப்பட்டது.

பழைய பெட்டியில் இன்னொரு சிக்கல், 230 மில்லிமீட்டர் போன்ற அரிய அளவு விசிறிகள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அது நின்றுபோனால் மாற்று கிடைப்பது கடினம். 120, 140 மில்லிமீட்டர் விசிறி எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த அளவுகளையும் மாட்டத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

எடை, ஓடு, வெள்ளம்

கிள்ளானிலிருந்து கொமுட்டரில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மோனோரயிலில் இம்பிக்குப் போய் லோயாட்டில் சுற்றிவிட்டு வருவது இளைஞர்களுக்குச் சாதாரணம். திரும்பும்போது கையில் 22 கிலோ பெட்டி, அதைச் சுற்றி அட்டையும் பஞ்சும் என்றால் அந்தப் பயணம் வேறு மாதிரி இருக்கும். இணையத்தில் வாங்கினால், பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அந்த எண்ணையும் எடையாகக் கணக்கிடுகின்றன. 80, 45, 80 சென்டிமீட்டர் அட்டைப் பெட்டி, இந்தக் கணக்கில் 57 கிலோவுக்கு மேல் வரும். விலை மலிவு என்று மகிழ்வதற்கு முன்பு அனுப்புக் கட்டணத்தையும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் கதவைக் கழற்றித் தரையில் வைக்காதீர்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஓட்டுத் தரை. பதப்படுத்திய கண்ணாடியின் நடுவில் தட்டினால் தாங்கும். அதன் ஓரமோ முனையோ ஓட்டில் லேசாகப் பட்டாலே முழுக் கண்ணாடியும் அரிசி அரிசியாய்ச் சிதறும். பாய் அல்லது மெத்தை மீது வையுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் கண்ணாடிக் கதவே வேண்டாம், தகட்டுக் கதவு போதும் என்பது இந்த அரங்கத்தின் கருத்து.

பெரிய பெட்டி மேசை மேல் ஏறாது; தரையில்தான் நிற்கும். 2021 டிசம்பர் 18-ஐ ஒட்டிய நாள்களில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் நீரில் மூழ்கியது. கிள்ளானிலும் பல இடங்களில் வெள்ளம். அப்படிப்பட்ட நேரத்தில் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போகலாம். எல்லாப் பொருளும் பொருத்திய 35 கிலோ பெட்டியை இரண்டு பேர் தூக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் பாட்டியையும் குழந்தையையும்தான் முதலில் தூக்குவார்கள். தாழ்வான வட்டாரத்தில் இருப்பவர்கள், உறுதியான கைப்பிடி உள்ள நடுத்தரப் பெட்டியை எடுத்து உயரமான மேசையில் வைப்பதே மேல். வெள்ளம் வராத இடத்திலும் அரை அடி உயரப் பலகை ஒன்றின் மேல் வைத்தால் தரைத் தூசி பாதியாகக் குறையும்.

தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா?

பெட்டியைத் தொட்டால் லேசாக மின்சாரம் இழுக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. 'பெட்டி சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பவர் சப்ளைக்குள் உள்ள வடிகட்டிச் சுற்று, மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பெட்டியின் தகட்டில் கசிய விடுவது இயல்பு. மூன்று முனைப் பிளக்கின் நில இணைப்பு அதைப் பூமிக்குக் கொண்டுபோய்விடும். நில இணைப்பு அறுந்த பழைய வீடுகளிலும், மூன்று முனையை இரண்டாக்கும் மலிவு அடாப்டர்களிலும் அது போக வழியில்லாமல் தொடுபவரைத் தேடுகிறது. பெரிய கேடு இன்றைக்கு இல்லாவிட்டாலும், உள்ளே ஏதாவது பழுதானால் உயிருக்கே ஆபத்து. பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலகிலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மழை இருட்டிக்கொண்டு வந்தால் கணினியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி விடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. முன்பெல்லாம் மலிவுப் பெட்டிகள் பவர் சப்ளையோடு சேர்த்தே விற்கப்பட்டன. அட்டையில் 500 வாட் என்று எழுதியிருந்தாலும் அதில் பாதியைத் தாங்கினாலே அதிசயம். பெட்டிக்கும் பவர் சப்ளைக்கும் சேர்த்து ஆயிரம் வெள்ளிதான் இருக்கிறது என்றால், எண்ணூறைப் பெட்டியில் போட்டுவிட்டு இருநூறுக்குப் பவர் சப்ளை வாங்குவது தலைகீழான முடிவு. பவர் சப்ளை கெட்டால் மற்ற அத்தனையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

அப்படியானால் பெரிய பெட்டி யாருக்கு வேண்டும்? நாலைந்து ஹார்டு டிஸ்க்கில் திருமணப் படக்காட்சிகளைச் சேர்த்து வைத்துத் தொகுப்பவருக்கு வேண்டும். இ-ஏடிஎக்ஸ் அளவுத் தாய்ப்பலகை பொருத்துபவருக்கு வேண்டும். நீர்க் குளிரூட்டியைத் தானே குழாய் வளைத்துக் கட்டி ரசிப்பவருக்கு வேண்டும். அது ஒரு கலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கார்டு, ஒரு சில்லு, ஒரு எஸ்எஸ்டி என்று முடித்துக்கொள்பவருக்கு, முன்பக்கம் வலையுள்ள நடுத்தரப் பெட்டியே தாராளம். மிச்சப்படும் முந்நூறு வெள்ளியில் ஒரு நிலை மேலான கார்டு வாங்கலாம்.

கடையில் பணம் கட்டுவதற்கு முன்பு அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத் தகட்டின் நடுவில் இரண்டு விரலால் அழுத்துங்கள். அரை மில்லிமீட்டர் தகடு குழியும், 0.8 மில்லிமீட்டர் தகடு அசையாது. உள் ஓரங்களில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். வெட்டுக் கூர்மை மடிக்கப்பட்டிருக்க வேண்டும். துறைமுகப் பக்கம் குடியிருப்பவர்கள், வெட்டிய ஓரங்களில் சாயம் பூசியிருக்கிறதா என்று கவனியுங்கள், துரு அங்கிருந்துதான் தொடங்கும். நான்கு கால்களும் தரையில் ஒரே சமமாக நிற்கின்றனவா என்று ஆட்டிப் பாருங்கள். திருகுப் பொட்டலம் உள்ளே இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ரசீதில் கடை முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.